ஒரே மாவு, இரண்டு உருண்டை

கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் சாப்பாட்டு நேரத்தில் தெருவில் இறங்கினால் இரண்டு பண்டங்கள் கட்டாயம் கண்ணில் படும். ஒன்று கென்கே. மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவிட்டு, உருண்டை பிடித்து, கதிரை மூடியிருக்கும் தோகையிலேயே சுற்றி வேகவைப்பது. இன்னொன்று பான்கு. அதே புளித்த மாவோடு மரவள்ளி மாவையும் சேர்த்து, அடுப்பில் வைத்துத் துடுப்பால் கிளறி எடுக்கும் களி. இரண்டுக்கும் வறுத்த மீன், மிளகாய்ச் சாந்து. பசியோடு வருகிறவருக்கு இரண்டில் எதுவானாலும் சரிதான்.

ரத்தத்தில் சர்க்கரை பார்டரில் நிற்பவருக்கு மட்டும் அப்படி இல்லை. 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கானாவின் குமாசி நகர ஆய்வாளர்கள், ஆரோக்கியமான பத்துப் பேருக்கு உள்ளூர் உணவுகளைக் கொடுத்துச் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று அளந்தார்கள். கென்கேவின் கிளைசெமிக் இண்டெக்ஸ் 41. பான்குவுக்கு 73.

ஆப்பிரிக்காவின் புளித்த உணவுகள் சர்க்கரையைக் கட்டுப்படுத்துமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். டீயை ஆற்றிக் குடித்தபடி இந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பாருங்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒரே புளித்த மக்காச்சோள மாவுதான்.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 50 கிராம் மாவுச்சத்து உடலில் சேரும் அளவுக்கு ஓர் உணவைச் சாப்பிடவைத்து, அடுத்த இரண்டு மணி நேரம் விரல் நுனியில் குத்திக் குத்திச் சர்க்கரையைப் பார்ப்பார்கள். அதே ஆள் வேறொரு நாள் 50 கிராம் குளுக்கோஸ் குடித்தபோது கண்ட ஏற்றத்தை 100 என்று வைத்துக்கொண்டு, உணவு தந்த ஏற்றத்தை அதோடு ஒப்பிட்டால் கிடைப்பது இந்தக் குறியீடு. டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் வகுத்த முறை. 55 வரை குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம், நடுவில் இருப்பது நடுத்தரம். கென்கே குறைவிலும் பான்கு அதிகத்திலும் போய் உட்கார்ந்திருக்கின்றன.

அந்தச் சோதனையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கானாவின் ஃபூஃபூ, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காயையும் உரலில் போட்டு இடிப்பது. நைஜீரியாவில் ஃபூஃபூவுக்கு மரவள்ளியைப் புளிக்கவைப்பார்கள். கானாவில் அந்த வழக்கம் இல்லை. உரலில் இடித்த அந்த ஃபூஃபூவுக்குக் கிடைத்த எண் 55. புளிக்காத ஃபூஃபூ, புளித்த பான்குவைத் தாண்டி நல்ல பெயர் வாங்கிவிட்டது. பத்தே பேரை, அதுவும் நீரிழிவு இல்லாதவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 'புளித்ததெல்லாம் சர்க்கரைக்கு நல்லது' என்ற பேச்சைச் சந்தேகிக்க இவ்வளவு போதும்.

சரி, புளிக்கும்போது மாவுக்குள் என்னதான் நடக்கிறது? கென்கே செய்யும் பெண்கள் மக்காச்சோளத்தை ஓரிரு நாள் ஊறவைக்கிறார்கள். தோலோடு அரைத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, இன்னும் இரண்டு மூன்று நாள் மூடி வைக்கிறார்கள். உறைமோர் மாதிரி எதையும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. தானியத்திலும் பாத்திரத்திலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே போதும். முதல் நாள் பலவகை பாக்டீரியாக்கள் போட்டிபோடும். புளிப்பு ஏற ஏற, புளிப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மட்டும் மேலோங்கும். கானா மாவில் பெரும்பான்மை லாக்டோபேசிலஸ் ஃபெர்மென்டம் என்ற இனம். கூடவே சில ஈஸ்ட்டுகள். மாவின் பிஹெச் நான்குக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கெடுதல் செய்யும் கிருமிகள் அங்கே பிழைப்பது கடினம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் மாவு நாள்கணக்கில் கெடாமல் இருப்பது இதனால்தான். மரவள்ளி என்றால் இன்னும் முக்கியமான காரணம் உண்டு. மரவள்ளியில், வகைக்கு வகை அளவு மாறினாலும், சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. துருவிப் புளிக்கவைத்துப் பிழிந்து வறுக்கும் காரியாகட்டும், ஐவரி கோஸ்ட்டில் ஆவியில் வேகவைக்கும் அட்டியேகேயாகட்டும், அந்த வேலை எல்லாமே விஷத்தை வெளியேற்றக் கண்ட வழி. அட்டியேகே செய்யும் திறனை 2024-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்த உணவுகளைக் கண்டுபிடித்த பாட்டிகள் யாரும் சர்க்கரை நோயை மனத்தில் வைத்துப் புளிக்கவைக்கவில்லை.

பாக்டீரியா மாவுச்சத்தைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் சர்க்கரை ஏறுவதில்லை என்று பலர் விளக்குவார்கள். அது தின்பது பெரும்பாலும் மாவில் தளையின்றிக் கிடக்கும் எளிய சர்க்கரைகளைத்தான். மாவுச்சத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கவனிக்க வேண்டியது அது தின்றதை அல்ல, தின்றுவிட்டு விட்டுப்போகும் அமிலத்தை.

அமிலம் என்ன செய்கிறது என்று தெளிவாகக் காட்டியது ஸ்வீடன். 1990-களில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பார்லி ரொட்டியை வைத்துத் தொடர்ந்து சோதித்தார்கள். புளித்த மாவில் செய்த ரொட்டியைத் தின்றவர்களுக்குச் சர்க்கரை குறைவாக ஏறியது. அங்கிருந்துதான் இரண்டு வேறு வழிகள் பிரிந்தன. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும் அதன் உறவினரான புரோபியானிக் அமிலமும் இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. லாக்டிக் அமிலம் அந்த வழியில் போவதில்லை. அது மாவில் இருக்கும்போதே ரொட்டி சூளைக்குள் போனால்தான் பலன். வெந்த பிறகு மேலே சேர்த்தால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. சூட்டில், அமிலத்தின் முன்னிலையில், மாவுச்சத்துக்கும் குளூட்டன் புரதத்துக்கும் இடையே ஒரு பிணைப்பு உண்டாகி, செரிக்கும் நொதி உள்ளே நுழைவது கடினமாகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இங்கே ஒரு தடங்கல் வருகிறது. மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது. கம்பு, சோளம், டெஃப் எதிலும் கிடையாது. ஆகவே ஸ்வீடன் ரொட்டியின் கதையை எடுத்து அப்படியே அக்ராவில் ஒட்டமுடியாது. ஆனால் 'அமிலத்தோடு வேகவேண்டும்' என்ற பாதி, யோசிக்கத்தக்கது.

ஏனென்றால் கென்கே வேகும் விதமே தனி. புளித்த மாவில் ஒரு பங்கைத் தண்ணீரில் கரைத்துக் கிளறி, அஃப்லாட்டா என்ற பாதி வெந்த கூழாக்குவார்கள். அதை வேகாத மாவோடு பிசைந்து உருண்டை பிடித்து, தோகையில் இறுக்கச் சுற்றி, பெரிய பானையில் இரண்டு மூன்று மணி நேரம் வேகவைப்பார்கள். மாவை இப்படி இறுகக் கட்டி மணிக்கணக்காக வேகவிட்டால் உள்ளே அடர்த்தியான கட்டியாகிறது. அதைப் பெரும்பாலும் சுடச்சுடத் தின்பதில்லை. ஆறிப்போனதுதான் கையில் வரும், மறுநாளைக்கும் வைத்துக்கொள்வார்கள். வெந்த மாவுச்சத்து ஆறும்போது அதன் இழைகளில் ஒரு பகுதி மீண்டும் நெருங்கி இறுகிக்கொள்கிறது. சிறுகுடலில் எளிதில் உடையாத அந்தப் பகுதி பெருங்குடல்வரை போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகும். பான்கு அப்படி இல்லை. மரவள்ளி மாவு சேருவதால் குழைவு கூடும், குறைந்த நேரமே அடுப்பில் இருக்கும், சூடாகத் தட்டுக்கு வரும். 41-க்கும் 73-க்கும் நடுவில் இருக்கும் தூரத்தில் பெரும்பங்கு, புளிப்பு முடிந்த பிறகு நடந்த சமையலில் இருக்கிறது என்பதே என் கணிப்பு.

புளிக்கும் முன்னாலோ நடுவிலோ நடக்கும் வேலையும் காரியத்தைக் கெடுக்கலாம். நைஜீரியாவின் ஓகியை எடுத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்தையோ கம்பையோ இரண்டு மூன்று நாள் ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டுவார்கள். தவிடும் முளைப்பகுதியும் துணியில் தங்கிவிடும். கீழே படிவது வழவழப்பான மாவுச்சத்து. அதைப் புளிக்கவைத்துக் கஞ்சி காய்ச்சினால் குழந்தைக்கு ஊட்ட அருமையாக இருக்கும். பார்டரில் இருக்கும் பெரியவருக்கு அதுவே சிக்கல். நார் போய்விட்டது, துகள் நுண்ணியதாகிவிட்டது, நீர்த்த கஞ்சி மடமடவென இறங்கிவிடும். புளிப்பு மட்டும் மிச்சம். அதில் இரண்டு கரண்டி சர்க்கரையும் விழுந்துவிட்டால் மேலே பேசவே வேண்டாம்.

எத்தியோப்பியாவின் இன்ஜெராவைப் பற்றிச் சொன்னால் அந்த நாட்டு நண்பர்கள் கோபிப்பார்கள்; இருந்தாலும் சொல்லியாக வேண்டும். டெஃப் என்பது ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் தானியம். தோலை நீக்க வழியில்லாததால் முழுசாகவே அரைபடும். நாரும் இரும்பும் மிஞ்சும். முந்தைய மாவின் மேலே நின்ற மஞ்சள் நீரான எர்ஷோவைச் சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மித்தாட் என்ற அகன்ற கல்லில் ஊற்றி மூடி, ஒரு பக்கம் மட்டும் சுட்டெடுப்பார்கள். முழுத் தானியம், நாள்கணக்கில் புளிப்பு. சர்க்கரைக்கு இதைவிடப் பொருத்தமான உணவு ஏது என்று தோன்றும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் செரிமான நொதிகளை வைத்துச் சோதித்தபோது, புளிக்காத டெஃப் கஞ்சியைவிட இன்ஜெராவின் மாவுச்சத்துதான் வேகமாக உடைந்தது. கண்கண்ணாகத் துளை விழுந்த மெல்லிய பரப்பில் நொதிக்கு எல்லாப் பக்கமும் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் இன்ஜெராவை வெறுமனே யாரும் தின்பதில்லை. மேலே கடலைமாவுக் குழம்பான ஷிரோ, பருப்பு, கீரை எல்லாம் வரிசையாக இருக்கும். பருப்பின் புரதமும் கீரையின் நாரும் சேர்ந்த தட்டு, சோதனைக்குழாயில் இருந்த மாவைப்போல நடந்துகொள்ளாது.

பார்டர் என்றேனே, அதன் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை, அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, அல்லது மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் முன்நீரிழிவு என்பது அமெரிக்க வரையறை. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று எல்லையை 110-ல் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவில் இந்த ஹெச்பிஏ1சி-யை நம்புவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அரிவாள் செல் மரபணுவை ஒரு பிரதி மட்டும் சுமப்பவர்கள் நோயாளிகள் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் அவர்கள் ஏராளம். ஒரே அளவு ரத்தச் சர்க்கரைக்கு அவர்களின் ஹெச்பிஏ1சி கொஞ்சம் தாழ்வாகவே காட்டும் என்று ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் நடந்து 2017-ல் வெளிவந்த பெரிய ஆய்வு சொன்னது. வித்தியாசம் 0.3 சதவீதப் புள்ளி அளவு. பார்டரின் வாசலில் நிற்கும் ஒருவரை 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்ப அது போதும். ஆப்பிரிக்காவில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் சுமார் 2.5 கோடி என்றும், அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாது என்றும் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-ல் கணித்தது. பார்டரில் இருப்பவர்களின் கணக்கு இதில் சேரவில்லை.

தானியத்தை விட்டுப் பாலுக்கு வந்தால் நிலவரம் கொஞ்சம் தெளிவு. தென்னாப்பிரிக்காவின் அமாசி, கென்யாவில் கலென்ஜின் மக்கள் சுரைக்குடுக்கையில் கரித்தூள் பூசிப் புளிக்கவைக்கும் முர்சிக், ஃபுலானி மாடு மேய்ப்பவர்களின் நோனோ எல்லாம் புளித்த பால். மாவுச்சத்து இல்லை, பால் சர்க்கரையிலும் ஒரு பகுதியை பாக்டீரியா எடுத்துக்கொள்கிறது. தயிர் சாப்பிடுகிறவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு சற்றுக் குறைவாகக் காணப்படுவதாகப் பல நாடுகளின் நீண்டகாலக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. வாரத்துக்கு இரண்டு கப் தயிர் சாப்பிடுவது நீரிழிவு அபாயத்தைக் குறைக்கலாம் என்று டப்பாவில் அச்சிட்டுக்கொள்ள, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் சம்மதித்தது. கூடவே 'சான்று குறைவு' என்ற வாசகத்தையும் அச்சிட வேண்டும் என்றது. கேட்டுக்கொண்டது ஒரு தயிர் நிறுவனம் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தக் கணக்கெடுப்புகளில் இருந்த பால் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கத் தயிர்; முர்சிக் இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் டாவாடாவா வேறு ஜாதி. ஆப்பிரிக்க லோகஸ்ட் மரத்தின் விதையை வேகவைத்து, தோல் நீக்கி, பேசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவால் புளிக்கவைப்பது. இங்கே அமிலம் வராது. அம்மோனியா வாடை அடிக்கும். குழம்பில் ருசிக்காகக் கொஞ்சம் போடுவார்கள். புரதம் நிறைய, உப்பு மிகக் குறைவு. அதன் இடத்தை இன்று உப்பு நிறைந்த மசாலாக் கட்டி பிடித்துக்கொண்டது எனக்கு வருத்தம்தான். இதற்குச் சர்க்கரையைக் குறைக்கும் சக்தி உண்டு என்பதற்குக் காட்டப்படும் ஆதாரங்கள் பெரும்பாலும் எலிகள். மருந்து ஊசி போட்டுக் கணையத்தைக் கெடுத்த எலிக்குக் குணமானதை வைத்து, நாற்பது வயதில் தொந்தி விழுந்து பார்டருக்கு வந்தவருக்கு உணவு சொல்லக்கூடாது.

மனிதர்களை வைத்து, ஆப்பிரிக்காவிலேயே, கவனமாகச் செய்த ஒரு சோதனை 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் 77 இளைஞர்கள். கிராமத்துப் பாரம்பரிய உணவு தின்றவர்களை இரண்டு வாரம் மேற்கத்திய உணவுக்கு மாற்றினார்கள். நகரத்தில் மேற்கத்திய உணவுக்குப் பழகியவர்களை வாழைக்காய், பயறு, காய்கறி, முழுத்தானியம், புளித்த உணவு என்று பழையபடி தின்னவைத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு உணவை மாற்றாமல் ஒரு வாரம் ம்பேகே கொடுத்தார்கள். சாகா மக்கள் வாழைப்பழத்தோடு கேழ்வரகு முளைமாவைச் சேர்த்துப் புளிக்கவைக்கும் பானம் அது. மேற்கத்திய உணவுக்குப் போனவர்களின் ரத்தத்தில் அழற்சிக் குறிகள் ஏறின. பாரம்பரிய உணவுக்குத் திரும்பியவர்களுக்கும் ம்பேகே குடித்தவர்களுக்கும் இறங்கின. சில மாற்றங்கள் நான்கு வாரம் கழித்தும் தெரிந்தன. நீடித்த அழற்சிக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் உறவு உண்டு என்பதால் இது முக்கியமான செய்தி. ஆனால் அளந்தது அழற்சியை. நீரிழிவு தடுக்கப்பட்டதா என்பதை அல்ல. சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆரோக்கியமான ஆண்கள். ம்பேகேயில் மதுவும் உண்டு, ஆகவே அதை மருந்தென்று யாரும் எடுத்துவிட வேண்டாம்.

பார்டரில் இருப்பவர் நீரிழிவுக்குள் விழாமல் காத்தது எது என்பதற்கு உறுதியான பதில் வேறிடத்தில் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2002-ல் முடிவு வெளிவந்த பெரிய சோதனையில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையும் இலக்காக வைத்தவர்களிடம் நீரிழிவு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதம் குறைத்தது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-ல் முடிவை வெளியிட்ட சோதனையில் உணவும் நடையும் 28.5 சதவீதம், மாத்திரை 26.4 சதவீதம். இரண்டு சோதனையிலும் யாரும் புளித்த உணவைத் தனியாகச் சொல்லித் தரவில்லை. தட்டின் அளவு, எடை, நடை இவைதான். கென்கேவின் 41 என்ற எண்ணுக்கும் இதே கணக்கு பொருந்தும். அது 50 கிராம் மாவுச்சத்துக்கான எண். கடையில் விற்கும் உருண்டை பெரியது, பசித்தவர் இரண்டு கேட்பார். இரண்டு உருண்டை கென்கே, பாதித் தட்டு பான்குவைவிட அதிகமாகச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

கானாவின் காலைக் கஞ்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் ஊர்க்காரருக்குப் பேச்சு முடிந்ததாக இருக்காது. ஹௌசா கோகோ என்று பெயர். கம்பை இரவு ஊறவைத்து, இஞ்சி, கிராம்பு, மிளகு, மிளகாயோடு அரைத்து, வடிகட்டிப் புளிக்கவிட்டுக் காய்ச்சுவது. கம்பே மேற்கு ஆப்பிரிக்காவில் பயிராகிப் பிறகு இந்தியா வந்த தானியம். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்தும் சோளம் சூடான் பக்கத்திலிருந்தும் வந்தவை. நம் ஆடி மாதக் கூழின் தானியங்களுக்குத் தாய்வீடு அங்கேதான். கோகோவோடு கோசே என்ற காராமணி வடையும் கொடுப்பார்கள். பார்டரில் இருப்பவர் அந்தக் கடைக்குப் போனால் செய்யவேண்டியது எளிது. கஞ்சி சின்னக் கோப்பையில் வாங்கலாம். எண்ணெய் பார்த்து வடை ஒன்று கூடுதலாக எடுக்கலாம். பயறு வயிற்றில் நிதானமாகக் கரையும். கடைக்காரம்மா சர்க்கரை டப்பாவைத் திறக்குமுன்பே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கேட்காமலே தாராளமாகப் போட்டுவிடுவார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு நாள் கோகோ குடித்து, இன்னொரு நாள் கென்கே தின்று, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்க்கலாம். குமாசியில் அந்தப் பத்துப் பேருக்குக் கிடைத்த எண்ணைவிட, அவருடைய உடம்பைப் பற்றி அவர் விரல் சொல்லும் எண் அவருக்கு அதிகம் உதவும்.